குளத்து நாரும் பொழி நாரும்

என் தங்கச்சி கடல் மணலைக் கலந்து எல்லோரையும் ஏமாற்றினாள் என்று மைக்கில் சொன்னீர்கள். அது பொய். சொன்ன அன்றைக்கு அது பொய் என்று உங்களுக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். சில மாதம் கழித்துத் தெரிந்தது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. இன்று வரைக்கும் திறக்கவில்லை.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் விவரம் சொல்ல வேண்டும். நான் இப்போது பேசியது ஒரு பேராசிரியரிடம். எங்கள் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். என் தங்கச்சி அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். நான் டெம்போ ஓட்டுகிறவன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். யார் பெயரையும் இதில் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் அவருக்குத் தெரியும், அன்றைக்கு அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரியும். அது போதும்.

எங்கள் வீடு கடற்கரையில். வள்ளங்கள் ஏறி இறங்கும் இடத்தில் தண்ணீர்மேல் எந்நேரமும் எண்ணெய்ப் படலம் கிடக்கும். என்ஜினில் ஒழுகுகிற டீசல், கழித்து ஊற்றுகிற கறுப்பு எண்ணெய் எல்லாம் அங்கேதான் சேரும். படலம் அதிகமானால் யாராவது தும்பு ஆலையில் கழிந்த தேங்காய் நாரை ஒரு கூடை அள்ளிக்கொண்டு வந்து மேலே வீசுவார்கள். நார் எண்ணெயைக் குடிக்கும். குடித்துவிட்டு அலையோடு எங்கேயாவது போய்விடும். மறுநாள் பாறை இடுக்கில் அந்த எண்ணெய் நார் நாறிக்கொண்டு கிடக்கும்.

தங்கச்சி கல்லூரியில் சேர்ந்து இரண்டாம் வருடமோ என்னவோ, இதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், குடித்த நாரைத் திரும்ப எடுக்க வழி இருந்தால் நன்றாக இருக்கும் என்றாள். வலை போட்டு அள்ளு என்றேன். வலைக்கண்ணுக்குள் நார் நிற்காது என்றாள். மேல்படிப்புக்குப் போன பிறகும் அதே நினைப்புத்தான். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். நாரைக் காந்தம் பிடிக்கிற மாதிரி ஆக்கிவிட்டால் போதும், எண்ணெயைக் குடித்த பிறகு காந்தத்தைக் காட்டி இழுத்துவிடலாம் என்பது அவள் யோசனை. இந்த மாதிரிக் காரியம் உலகத்தில் வேறு பலரும் செய்கிறார்கள் என்று அவளே சொன்னாள். தான் புதிதாக ஒன்றையும் படைக்கவில்லை என்றும் சொன்னாள். நம் ஊர் நாரில், நம் ஊர் எண்ணெயில் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

செய்கிற விதம் எனக்கு மனப்பாடம். அத்தனை தடவை பார்த்திருக்கிறேன். முதலில் நாரைக் காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரில் வேகவைத்து அலசுவாள். அப்போது மேலே இருக்கிற மெழுகு போய் நார் சொரசொரப்பாகும். பிறகு இரண்டு இரும்பு உப்புகளைக் கரைத்து அந்தக் கரைசலில் ஊறப்போடுவாள். ஒன்று நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற அன்னபேதி, இளம்பச்சையாக இருக்கும். மற்றது ரேடியோ ரிப்பேர் செய்கிறவர்கள் பலகையில் செம்பை அரிக்க வைத்திருப்பது, மஞ்சளும் தவிட்டு நிறமுமாக இருக்கும். பச்சை ஒரு பங்கு என்றால் மஞ்சள் இரண்டு பங்கு. ஊறிய நாரை எடுத்து அமோனியா ஊற்றிய சுடுதண்ணீரில் போடுவாள். போட்ட உடனே கண்ணெதிரே கறுக்கும். நாருக்குள் நம் கண்ணுக்குத் தெரியாத குழல்கள் உண்டாம். அந்தக் குழல்களிலும் மேல்தோலிலும் கறுப்பு இரும்பு பொடியாக உருவாகி ஒட்டிக்கொள்ளும். பிறகு தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசி நிழலில் உலர்த்துவாள். வெயிலில் போட்டால் துருவாகி வீணாய்ப் போகும்.

என் டெம்போவில் கெட்டுப்போன ஸ்பீக்கர் ஒன்று கிடந்தது. அதிலிருந்த காந்தத்தைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் வீட்டுக்கு எடுத்துவந்த முதல் நாரை அம்மா முன்னால் தட்டில் வைத்துக் காந்தத்தைக் கொண்டுபோனாள். நார் எழுந்து நின்று தாவி ஒட்டியது. அம்மா இரண்டடி பின்னால் போய், "பேய்க்க முடி போலல்லா இருக்கு, தூரக் கொண்டு போடுட்டி" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். எங்கள் வீட்டில் அதற்கு முன்னும் பின்னும் மூன்று பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது எனக்கு நினைவில்லை.

ஒவ்வொரு தடவையும் அவள் செய்கிற ஒரு காரியம் உண்டு. கறுத்த நாரைக் காந்தத்தில் காட்டுவதற்கு முன்னால், ஒன்றும் செய்யாத சாதா நாரைக் காட்டிப் பார்ப்பாள். அது அசையாது. அசையாத நாரை எதற்குக் காட்டுகிறாய் என்று கேட்டேன்.

"இது ஆடப்பிடாது அண்ணே. இது ஆடிச்சுன்னா மத்ததெல்லாம் கள்ளம்" என்றாள்.

நாரை நான்தான் கொண்டுவந்து கொடுப்பேன். என் வண்டி ஓட்டமே பெரும்பாலும் தும்பு, கயிறு ஏற்றுகிற ஓட்டம். இரணியல் பக்கம் ஒரு குளத்தில் கதம்பை ஊறப்போட்டு அடிக்கிற அக்கா ஒருத்தி உண்டு. கதம்பை என்றால் தேங்காயை உரித்த பிறகு மிஞ்சுகிற மட்டை. மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் கிடந்து அழுகினால்தான் அடித்து நாரைப் பிரிக்க முடியும். அந்தக் குளத்து நார்தான் வேண்டும் என்பதில் தங்கச்சி பிடிவாதமாக இருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் பொழி இருக்கிறது, ஆறு கடலில் சேருகிற இடம். அங்கேயும் கதம்பை ஊறப்போடுகிறார்கள். இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும், நார் நார்தானே என்று ஒரு நாள் கேட்டேன்.

"பொழியில உப்பு கிடக்கு, மணலு கிடக்கு. எனக்க கணக்கு கெட்டுப்போவும். நார் நார்தானேன்னு சொல்லுகியே, டீசலும் தண்ணியும் ஒண்ணுதானேன்னு உனக்க வண்டியில ஒரு குடம் ஊத்திப் பாரேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை என்று இனி நான் சொல்ல முடியாது. இதைவிடத் தெளிவாக எவரும் சொல்ல முடியாது.

சுனாமி வந்து நாலு வருடம் போயிருக்கும். கல்லூரியில் ஒரு பெரிய கருத்தரங்கு நடக்கப்போவதாகவும், வெளியூரிலிருந்து நிபுணர்கள் வருகிறார்கள் என்றும், தன் நாரை மேடையில் செய்து காட்டும்படி சார் சொல்லியிருக்கிறார் என்றும் தங்கச்சி சொன்னாள். அதற்கு நிறைய நார் வேண்டும். இரண்டு வாரம்தான் இருந்தது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். போன தடவை ஊறியது எல்லாம் விற்றுப்போயிருந்தது. அடுத்தது இன்னும் அழுகவில்லை. அந்த அக்கா ஒரு கதம்பையைத் தண்ணீருக்குள்ளிருந்து இழுத்து விரலால் அழுத்திக் காட்டினாள். கட்டையாக இருந்தது.

"இன்னும் ரெண்டு மாசம் கிடக்கணும் மக்கா. உனக்க தங்கச்சிக்கு அவசரம்னு சொன்னா தண்ணிக்கு அவசரம் வருமா?" என்றாள்.

நான் திரும்பி வந்தேன். வருகிற வழியில் பொழிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். அங்கே அன்றைக்கு அடித்துக் காயப்போட்ட நார் கிடந்தது. உப்புத் தண்ணீரில் ஊறிய நார் பொன் மாதிரி இருக்கும். குளத்து நார் அழுக்கு நிறம். எனக்கு இதுதான் நல்லதாகத் தெரிந்தது. தங்கச்சிக்கு நல்லதைக் கொண்டுபோகிறேன் என்று நினைத்தேன். இரண்டு மூட்டை ஏற்றினேன்.

வீட்டில் இறக்கும்போது, குளத்து நார்தானே என்று கேட்டாள். அதே குளம்தான் என்றேன். நிறம் வித்தியாசமாக இருக்கிறதே என்றாள். இந்தத் தடவை அக்கா நன்றாக அலசிக் கொடுத்திருக்கிறாள் என்றேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. வண்டி ஓட்டுகிறவன் தினமும் பத்துப் பேரிடம் இப்படிச் சொல்கிறான். சரக்கு ஏற்றாமலே வந்துகொண்டிருக்கிறேன் என்கிறான். புறப்படாமலே பாதி வழியில் நிற்கிறேன் என்கிறான்.

இப்போது ஒரு கேள்வி வரும். கடற்கரையில் பிறந்தவனுக்கு அந்த மணல் காந்தத்தில் ஒட்டும் என்று தெரியாதா? தெரியும். எங்கள் மணல் கறுப்பு. சின்ன வயதில் காந்தத்தை நூலில் கட்டி மணலில் இழுத்துக்கொண்டு நடப்போம். திரும்பி வரும்போது காந்தத்துக்குத் தாடி முளைத்திருக்கும். சுனாமி வந்தபோது அந்தக் கருமணல் பொழிக்குள் ஏறி, கதம்பை ஊறப்போடுகிற குழிகளை எல்லாம் மூடியது. குழிகளைத் தோண்டி எடுத்த நாட்களில் மண்வெட்டி பிடித்த ஆட்களில் நானும் ஒருவன். பொழியில் மணல் கிடக்கிறது என்று தங்கச்சியும் சொல்லியிருந்தாள். ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை. மணல் எங்களுக்கு ஒரு பொருளே இல்லை. பாயில் கிடக்கும், தலையில் கிடக்கும், சோற்றில் கடிபடும். துப்பிவிட்டு அடுத்த வாய் எடுப்போம். அந்தப் பொன்னிற நாருக்குள் கண்ணில் படாத பொடியாக அது இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. வெளியூர்க்காரன் என்றால் நாரை உதறிப் பார்த்திருப்பான்.

தங்கச்சிக்கு நேரம் இல்லை. வந்த நாரை அன்றைக்கே வேகவைத்தாள். கறுத்த பிறகு எல்லாமே கறுப்பு, எதில் மணல் தெரியும்? செய்த நார் காந்தத்தைக் கண்டதும் முன்பைவிட வேகமாகத் தாவியது. அவள் சந்தோஷப்பட்டாள். வேகவைக்கிற நேரம் சரியாக அமைந்துவிட்டது என்று நினைத்தாள். சாதா நாரைக் காட்டிப் பார்க்கும் அந்தக் காரியத்தை அந்த ஒரு தடவை மட்டும் செய்யவில்லை. குளத்து நாரை இருபது தடவை பார்த்தாயிற்று, அது ஆடாது என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் குளத்து நார் என்று சொல்லியிருந்தான்.

கருத்தரங்கு அன்றைக்கு மூட்டைகளை நான்தான் அரங்குக்குள் தூக்கிக்கொண்டு போனேன். பார்த்துவிட்டுப் போகலாம் என்று கதவுக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தங்கச்சி மேடையில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து, தண்ணீர் ஊற்றி, என் வண்டியிலிருந்து கழித்த எண்ணெயை விட்டாள். நாரை வெட்டித் தூவினாள். பிளாஸ்டிக் உறையில் போட்ட காந்தத்தை மேலே கொண்டுபோனாள். எண்ணெய் குடித்த நார் நாலு பக்கமிருந்தும் மிதந்து வந்து ஒட்டியது. கை தட்டினார்கள். முழு எண்ணெயையும் எடுக்காது, கொஞ்சம் நிற்கும் என்று அவளாகவே சொன்னாள். அதற்கும் கை தட்டினார்கள். சார் முன்வரிசையில் உட்கார்ந்து பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். என் மாணவி என்று சொல்லியிருப்பார்.

வெளியூரிலிருந்து வந்த நிபுணர் ஒருவர், வயதானவர், மேடைக்கு ஏறினார். மேசைமேல் பார்ப்பவர்களுக்காகச் சாதா நாரைத் தட்டில் வைத்திருந்தாள். அவர் காந்தத்தை எடுத்து அந்தத் தட்டின் பக்கம் கொண்டுபோனார். நார் அசைந்தது. கொஞ்சம்தான். ஆனால் அசைந்தது. அவர் அந்த நாரை ஒரு வெள்ளைத் தாள்மேல் தட்டினார். தாளில் கறுப்புப் பொடி விழுந்தது. இந்த நார் எங்கே எடுத்தது அம்மா என்று மெதுவாகத்தான் கேட்டார். குளத்தில் என்றாள். இது கடல் மணல் என்றார். அவள் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவர் அதோடு விட்டிருப்பார். முகம் அப்படித்தான் இருந்தது. சார்தான் எழுந்து போய் மைக்கை வாங்கினார்.

"கடற்கரைப் பிள்ளைக்கு மணல் அள்ளத்தான் தெரியும் என்பதை நிரூபித்துவிட்டாள். மணலைக் கலந்து கொண்டுவந்து என் பெயரையும் கெடுத்துவிட்டாள். இந்த ஏமாற்று வேலையில் எனக்கோ என் துறைக்கோ பங்கில்லை" என்றார்.

அரங்கு சிரித்தது. எல்லோரும் சிரிக்கவில்லை. சிரித்தவர்கள் போதுமான அளவு இருந்தார்கள்.

எனக்கு அந்த நிமிடம் எல்லாம் தெரிந்துவிட்டது. பொழிக்கரை, பொன்னிற நார், அதே குளம்தான் என்று நான் சொன்னது. எழுந்து நின்று, நார் நான் கொண்டுவந்தது, மாற்றிக் கொண்டுவந்தது நான், அவளுக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சத்தம் போட்டால் மைக் இல்லாமலே கேட்டிருக்கும். நான் எழுந்தேன். எழுந்து வெளியே போனேன். வண்டி வழியை மறித்து நிற்கிறது, எடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. வண்டி எதையும் மறிக்கவுமில்லை.

அவள் வந்து ஏறினாள். வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. வண்டி நின்றபோது, மடியில் ஒட்டியிருந்த பொடியை விரல் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட் எப்போது திறக்கும் என்று முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் மிச்ச நாரை வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதன்மேல் உதறிக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டாள். வேட்டியின் மடிப்பில் ஒரு கைப்பிடி மணல் சேர்ந்திருந்தது.

"அண்ணே, இது குளத்து நாரா?"

இல்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. வேட்டியை நாலாக மடித்தாள்.

"அங்க வச்சு சொல்லியிருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றைக்கு வரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

ஊர் அவளைத்தான் சொன்னது. சந்தையில் அம்மாவிடம் ஒருத்தி, "உனக்க மவ மணல்ல நார் உரிச்சாளாமே" என்று கேட்டாள். தங்கச்சிக்கு மணலு என்றே பெயர் வைத்தார்கள். கல்லூரியில் அவளைச் சேர்க்கையிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இடம் இல்லை, சார் கையெழுத்துப் போட மாட்டார். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒன்றுதான். பெண் பார்க்க வருவதாக இருந்த ஒரு குடும்பம், பையன் ஆசிரியர், கல்லூரியில் விசாரித்துவிட்டு வராமலே நின்றது.

இரண்டு மாதம் கழித்து நான் குளத்துக்குப் போனேன். கதம்பை அழுகியிருந்தது. அந்த அக்காவோடு சேர்ந்து நானும் உட்கார்ந்து அடித்தேன். அடித்த நாரைக் குளத்திலேயே அலசி, வேறு எதோடும் சேராமல் புதுச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து தங்கச்சி முன்னால் வைத்தேன். இது எதற்கு என்று கேட்டாள். ஒரு வாரம் சாக்கு கட்டு அவிழாமல் கிடந்தது. பிறகு ஒரு காலையில் நான் எழுந்து வரும்போது அவள் பின்பக்கம் அடுப்பு மூட்டியிருந்தாள்.

ஆய்வுக்கூடம் இல்லை. அன்னபேதியை நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். மற்றதை நாகர்கோவிலில் ரேடியோ சாமான் விற்கிற கடையில் வாங்கினேன். அமோனியா வாடையில் அம்மாவுக்கு இருமல் வந்ததால் அதை விட்டுவிட்டு, கறுக்கவைக்கவும் காஸ்டிக் சோடாவையே எடுத்தாள். நாலு தடவை கெட்டது. துருவாகப் போனது இரண்டு, கறுப்பு ஒட்டாமல் தண்ணீரோடு போனது இரண்டு. ஐந்தாம் தடவை சரியாக வந்தது. காந்தத்துக்கு மெதுவாகத்தான் வந்தது. மேடையில் தாவிய மாதிரித் தாவவில்லை. வாளியில் போட்டுக் கலக்கி, பிழிந்து, உதறி, மறுபடி கலக்கினாள். அப்போதும் வந்தது. சாதா நாரை வைத்துக் காந்தத்தை ஒட்டிக் கொண்டுபோனாள். அசையவே இல்லை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரிப்பு வருகிற மாதிரி முகம் போனது. வரவில்லை.

செய்த நார் ஒரு பொட்டலம், சாதா நார் ஒரு பொட்டலம், கூட ஒரு கடிதம். சாருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பதில் இல்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு நானே அவர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். இரண்டு பொட்டலத்தையும் சோதித்ததாகச் சொன்னார்.

"பிடிக்குதுப்பா. உன் தங்கச்சி சரியாத்தான் செய்திருக்கா. சாதா நார் சுத்தமா இருக்கு" என்றார்.

அப்படியென்றால் எல்லோரையும் கூட்டிச் சொல்லுங்கள் சார் என்றேன். முடிந்துபோன விஷயம், மறுபடி கிளறினால் தனக்கும் அசிங்கம், அவளுக்கும் அசிங்கம் என்றார். மேசை இழுப்பறையைத் திறந்து அவள் கடிதத்தை எடுத்தார். ஆங்கிலத்தில் இருந்தது. அவரே ஒரு வரியைத் தமிழில் சொன்னார். பொழி நார் கலந்துபோனது என் கவனக்குறைவு, வேறு யாருக்கும் இதில் பங்கில்லை என்று எழுதியிருந்தாள். தன் தப்பு என்று அவளே ஒத்துக்கொண்டிருக்கிறாளே, பிறகு நான் எதற்கு மேடை ஏறி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்.

அது அவள் தப்பு இல்லை சார், என் தப்பு என்று அங்கேயும் நான் சொல்லவில்லை. இரண்டாம் தடவையும் வாய் வரவில்லை. கடிதத்தை மடித்து இழுப்பறையில் வைத்தார். நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். கும்பிட்டேன் என்பதையும் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து, சரியாகத்தான் செய்திருக்கிறாள் என்று சார் சொன்னார் என்றேன். தங்கச்சி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க வச்சு சொன்னாரு?"

அவர் ரூமில் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

அந்த வருடமே மஸ்கட்டுக்குப் போனாள். ஒரு கடையில் பில் போடுகிற வேலை. போவதற்கு முன்னால் தன் நோட்டுப் புத்தகங்களை எல்லாம் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டாள். நான் ஓட்டத்துக்குப் போயிருந்தேன். வந்து அம்மா சொல்லிக் கேட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் அந்த ஆளைத் தேடிப் பிடித்தேன். அதற்குள் லோடு போய்விட்டது என்றான். ஆக, அவள் செய்ததற்குச் சாட்சி என்று இந்த உலகத்தில் இருப்பது அந்த இழுப்பறையில் இருக்கிற கடிதமும் அவரிடம் போன இரண்டு பொட்டலமும்தான். அவர் தூர எறிந்திருந்தால் அதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை தோறும் அவளுக்கு லீவு. போன் பண்ணுவாள். அம்மாவின் காலைப் பற்றிக் கேட்பாள், மழை உண்டா, சாளை மீன் கிடைக்கிறதா என்று கேட்பாள். என் பிள்ளைகளிடம் பாடத்தைப் பற்றிப் பேசுவாள். என் மூத்தவள் ஒரு தடவை, அத்தை நீ என்ன படித்தாய் என்று கேட்டாள். ஒன்றும் படிக்கவில்லை மக்கா என்றாள். போனை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா போன வருடம் இறந்தாள். அடக்கத்துக்கு வந்து பத்து நாள் நின்றாள். அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவின் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தோம். நான் கேட்டேன். இத்தனை வருடம் ஆகிவிட்டது, நான் போய் எல்லோர் முன்னாலும் சொல்லட்டுமா என்றேன். உன் பெயர் சுத்தமாக வேண்டும் என்றேன். அவள் கையில் இருந்த சேலையை மடித்துக் கீழே வைத்தாள்.

"எனக்க பேரு கிடக்கட்டும் அண்ணே. நார் சரியா இருந்துச்சுன்னு சொல்லணும். அத நீ சொன்னா ஆரு கேப்பா? அவருல்லா சொல்லணும்."

அவள் மஸ்கட் திரும்பிப் போனாள். நான் நாலு மாதம் யோசித்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நாரை மாற்றியது நான். அதே குளம்தான் என்று பொய் சொன்னது நான். அரங்கிலும் உங்கள் அறையிலும் வாய் மூடி இருந்ததும் நான். அவளுடைய கடிதத்தில் இருக்கிற அந்த ஒரு வரி பொய். அவள் எழுதியதில் அது ஒன்றுதான் பொய், அதையும் எனக்காகத்தான் எழுதினாள். பெயர் இல்லாமல் எழுதுகிறேன் என்று சொல்லாதீர்கள். யார் வந்து கேட்டாலும் நான்தான் என்று சொல்வேன்.

இனி உங்களுடைய பங்கு. நீங்கள் ஓய்வு பெற்றதற்குப் பாராட்டு விழா என்று கல்லூரிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அதே அரங்கு. அன்றைக்கு இருந்தவர்களில் பாதிப்பேர் வருவார்கள். நானும் வருவேன், இந்தத் தடவை முன்வரிசையில் உட்காருவேன். மணல் அள்ளத்தான் தெரியும் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அது உங்கள் மனசாட்சி பாடு. எனக்கு வேண்டியது பதில்.

என் தங்கச்சி அனுப்பிய இரண்டு பொட்டலத்தையும் நீங்கள் சோதித்தீர்களா, இல்லையா? அவள் செய்த நார் சரியாக இருந்ததா, இல்லையா? அறைக்குள் என்னிடம் சொன்னதை, அந்த மைக்கில், எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்.